‘எதுக்குப்பா இங்க சேர்ந்தே?’: ஐடிஐ வகுப்பில் ஒரு கேள்வியும் அதற்குப் பின்னால் மாறும் பாடமும்

ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீசியன் பிரிவு என்றால் ஒரு யூனிட்டுக்கு 20 பேர். ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்தில் அந்த 20 பேரையும் வரிசையாக எழுப்பி, ‘ஏன் இந்த டிரேடை எடுத்தே?’ என்று கேட்பேன். முதல் பையன் ‘எலக்ட்ரிக்கல்ல இன்ட்ரெஸ்ட் சார்’ என்பான். அடுத்தவனும் அதையே சொல்வான். கடைசி பெஞ்ச் வரைக்கும் அந்த ‘இன்ட்ரெஸ்ட்’ தொற்றிக்கொண்டே போகும். நான் அதை நம்பியதில்லை. ஆனாலும் பல வருடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வருகைப் பதிவு எடுப்பதுபோல அதுவும் ஒரு சடங்கு.

உண்மையான பதில் வேறு நேரத்தில் வரும். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது வரும். ஒர்க்‌ஷாப்பில் ஒயர் சீவிக்கொண்டிருக்கும்போது வரும். ‘எங்க ஊர் பஸ் நேரா இந்த வாசல்ல நிக்குது சார், அதான்.’ ‘ஃபிட்டர்தான் கேட்டேன், சீட் முடிஞ்சிருச்சுன்னாங்க.’ ‘மாமா துபாய்ல இருக்காரு, எலக்ட்ரீசியன் படிச்சா கூட்டிக்கிறேன்னாரு.’ ‘பதினொண்ணாவது போகப் பயம் சார், கணக்கு வராது.’

இந்த இரண்டாவது வகைப் பதில்களைத் தெரிந்துகொண்டால் பாடம் நடத்தும் விதம் எப்படி மாறுகிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பார்த்தது ஐடிஐ என்பதால் உதாரணமெல்லாம் அங்கிருந்தே வரும். பாலிடெக்னிக்கிலோ, டேலி வகுப்பிலோ, தையல் பயிற்சியிலோ தொழில் சொல்லிக்கொடுப்பவர்கள், நான் பின்னால் சொல்லப்போகும் மோட்டார் ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டுத் தங்கள் மெஷினை அங்கே வைத்துப் படிக்கலாம்.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐடிஐக்களில் நடப்பது 1950இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம். எலக்ட்ரீசியன் இரண்டு வருடப் படிப்பு, பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். ஒயர்மேன், வெல்டர் மாதிரிப் பிரிவுகளுக்கு எட்டாவது போதும். பாடத்திட்டம் நாடு முழுக்க ஒன்றே. ஆண்டுக்கு 1200 மணி நேரம், அதில் 840 மணி நேரம் செய்முறை. எந்த வாரம் எந்த வேலை என்பது வரை அச்சடித்து வந்துவிடும். பயிற்றுநர் தன் விருப்பத்துக்கு ஒரு பாடத்தைச் சேர்க்கவோ, ஒன்றைத் தூக்கவோ முடியாது.

தமிழ்நாட்டு அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் தனியாக வருகிறது. வயது 14இலிருந்து 40 வரை. பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. ஆகவே மீசை முளைக்காத பையனும், பத்தாவது படிக்கும் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்த அம்மாவும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். இரண்டு பேருக்கும் ‘இன்ட்ரெஸ்ட்’ என்ற ஒரே பதில் எப்படிப் பொருந்தும்?

காரணம் என்றால் என்ன?

சேர்ந்த காரணம் என்பது ஒற்றை வரி இல்லை. தள்ளியது ஒன்று இருக்கும், இழுத்தது ஒன்று இருக்கும். கணக்குப் பயம் தள்ளும், மாமாவின் துபாய் இழுக்கும். இரண்டும் ஒரே பையனுக்குள் இருக்கலாம். வாத்தியாரிடம் சொல்வதற்கென்று ஒரு காரணம் தனியாகத் தயாராக இருக்கும். அதைத்தான் முதல் வாரத்தில் நாம் கேட்கிறோம்.

இதைப் பற்றி யோசித்தவர்கள் நிறையப் பேர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வயதுவந்தோர் கல்வியை ஆராய்ந்த சிரில் ஹூல், எந்நேரமும் எதையாவது படித்துக்கொண்டே இருக்கிற 22 பேரிடம் விரிவாகப் பேசி, 1961இல் ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார். ஒரு குறிப்பிட்ட இலக்குக்காகப் படிப்பவர்கள் ஒரு வகை. படிக்கும் இடத்தில் கிடைக்கும் ஆட்களுக்காகவும் சூழலுக்காகவும் வருபவர்கள் இன்னொரு வகை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே படிப்பவர்கள் மூன்றாவது. இவை ஒன்றின்மேல் ஒன்று படிந்த வட்டங்கள் மாதிரி என்றும் சொன்னார். இரண்டாவது வகையை நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை. ‘சும்மா கூட்டத்தோட வந்தவன்’ என்று தள்ளிவிடுவோம். வீட்டில் தனியாக இருக்க முடியாமல், நாலு பேரோடு இருக்க வேண்டும் என்று வருகிற பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அவனைக் குழுவாக வேலை செய்யவிட்டால் ஓடுவான், தனியாக ரெக்கார்டு எழுதச் சொன்னால் படுத்துக்கொள்வான். அது சோம்பல் என்று நானும் முதலில் நினைத்தேன்.

இன்னொரு கோணமும் உதவும். ஜாக்குலின் எக்கில்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் வளர்த்த கருத்து அது. எளிமையாகச் சொன்னால், படிக்கிறவன் மனதில் இரண்டு கேள்வி ஓடுகிறது. ‘என்னால இது முடியுமா?’ என்பது ஒன்று, ‘முடிஞ்சா எனக்கு என்ன?’ என்பது மற்றொன்று. இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு ‘இல்லை’ என்று விழுந்தால் போதும், கை நின்றுவிடும். கூடவே ‘இதுக்காக நான் எதை இழக்கிறேன்?’ என்ற மூன்றாவது கணக்கும் உண்டு. எங்களுக்கு அது முகூர்த்த நாளில் தெரியும். கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போனால் ஒரு நாள் கூலி கைக்கு வரும். அன்றைக்கு எங்கள் வகுப்பில் ஆறேழு பெஞ்ச் காலி. வருகை 80 சதவீதம் இருந்தால்தான் தேர்வு எழுத முடியும் என்று மிரட்டுவதோடு பெரும்பாலான பயிற்றுநர்கள் நிறுத்திக்கொள்வோம். நான் இப்போது பஞ்சாங்கம் பார்த்துத்தான் முக்கியமான செய்முறைக்கு நாள் குறிக்கிறேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

ஒரே ஸ்டார்ட்டர், நாலு வாசல்

பாடத்திட்டத்தை மாற்ற முடியாது என்றால் காரணம் தெரிந்து என்ன பயன்? ஒரு பாடத்தைப் பக்கத்திலிருந்து காட்டுகிறேன். டிஓஎல் ஸ்டார்ட்டர். மூன்று பேஸ் மோட்டாரை நேரடியாக லைனில் ஓட்டுகிற சாதாரண ஸ்டார்ட்டர் அது. கிணற்றடி மோட்டார் ரூமில் சுவரில் மாட்டியிருக்குமே, பச்சை பட்டன், சிவப்பு பட்டன், அதேதான்.

உள்ளே நடப்பது இது. பச்சை பட்டனை அமுக்கினால் கான்டாக்டர் என்கிற காந்த சுவிட்சின் காயிலுக்குக் கரண்ட் போகும். காயில் காந்தமாகி மூன்று பெரிய காண்டாக்ட்டுகளையும் இழுத்து மூடும், மோட்டார் ஓடும். கூடவே ஒரு சின்னத் துணைக் காண்டாக்ட்டும் மூடும். அது பச்சை பட்டனுக்கு இணையாக இருப்பதால், விரலை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். ‘ஹோல்டிங் காண்டாக்ட்’ என்போம். சிவப்பை அமுக்கினால் அந்தச் சுற்று அறுந்து எல்லாம் விட்டுவிடும். மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் ஓவர்லோட் ரிலே அதே சுற்றை அறுத்துவிடும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மோட்டார் தானாக ஓடாது, யாராவது மறுபடி பச்சையை அமுக்க வேண்டும்.

முன்பெல்லாம் நான் போர்டில் சர்க்யூட் வரைந்துதான் ஆரம்பிப்பேன். நாலைந்து பேர் வரைவார்கள், மீதிப் பேர் முன்னால் இருப்பவன் நோட்டைப் பார்த்து வரைவார்கள். இப்போது அந்த வருட யூனிட்டில் யார் யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று பார்த்து ஆரம்பிக்கிறேன்.

தோட்டம் உள்ள வீட்டுப் பையன்கள் அதிகமாக இருந்தால், எரிந்துபோன மோட்டாரின் வைண்டிங்கை மேஜைமேல் வைப்பேன். அந்தக் கருகிய வாசனை அவர்களுக்குத் தெரிந்த வாசனை. ‘உங்க வீட்ல எத்தனை தடவை காயில் கட்டியிருக்கீங்க?’ என்று கேட்டால் போதும், வகுப்பு கலகலத்துவிடும். ஒரு பேஸ் போனது தெரியாமல் மோட்டார் ஓடினால் மிச்ச இரண்டு பேஸில் கரண்ட் ஏறும், காயில் சூடாகும், ரிலே அறுத்துவிட வேண்டும். ஆனால் தோட்டத்தில் ரிலேயை பைபாஸ் பண்ணி வைத்திருப்பார்கள். ‘அடிக்கடி டிரிப் ஆகுது, தண்ணி பாய மாட்டேங்குது’ என்று யாரோ ஒரு மெக்கானிக் செய்துவிட்டுப் போன வேலை. இங்கேயிருந்து போனால் ஓவர்லோட் ரிலே முதலில் வரும், சர்க்யூட் படம் கடைசியில் வரும். புத்தகத்து வரிசைக்கு நேர் தலைகீழ்.

கம்பெனிக்குப் போகவேண்டும் என்று வந்தவனுக்கு வாசல் வேறு. அவனிடம் படத்தையும் பேனலையும் கொடுத்து நம்பர் பார்க்கச் சொல்வேன். காயிலுக்கு ஏ1, ஏ2. ஹோல்டிங்குக்கு 13, 14. ரிலேயின் மூடிய காண்டாக்ட்டுக்கு 95, 96. எந்த நாட்டுக் கான்டாக்டரை எடுத்தாலும் பெரும்பாலும் இதே எண்கள்தான். தொழிற்சாலையில் முதல் நாள் அவன் கையில் படத்தைத் திணிப்பார்களே தவிர யாரும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒயர் நுனியில் ஃபெரூல் என்கிற நம்பர் வளையம் போட்டு, லக் என்கிற உலோக முனையை அடித்து, வளைவு ஒரே மாதிரி வர ஒயரைப் படுக்க வைப்பது அவனுக்கு முக்கியம். வெளிநாடு போகிறவனுக்கும் ஏறக்குறைய இதே வாசல்தான், ஏஜென்சி நடத்தும் டிரேட் டெஸ்டில் பேச்சைவிடக் கைவேலையைத்தான் பார்ப்பார்கள். அவனிடம் இன்னொன்றும் சொல்லி வைப்பேன்: பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈசிஆர் முத்திரை விழும், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். வெல்டர் பிரிவில் எட்டாவதோடு சேர்ந்த பையன்களுக்கு இது தெரியவே தெரியாது. ‘அப்ப பத்தாவதை பிரைவேட்டா எழுதிடறேன் சார்’ என்று ஒருவன் கிளம்பினான். டிரேடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவன் வந்த காரணத்துக்குச் சம்பந்தம் உண்டு.

சொந்தக் கடை வைக்க வந்தவன் மூன்றாவது. அவனிடம் கேட்பது: இந்த ஸ்டார்ட்டரில் எந்தப் பாகம் முதலில் போகும், மாற்ற எவ்வளவு நேரம், கூலி என்ன கேட்பாய்? காண்டாக்ட் கருகியிருந்தால் தேய்த்துக் கொடுப்பாயா, புதிதாகப் போடச் சொல்வாயா? இதற்குப் புத்தகத்தில் விடை கிடையாது. வகுப்பில் சண்டையே வரும்.

ரயில்வே என்று வந்தவனிடம் நான் நெடுநாள் தப்பு செய்தேன். ‘ரயில்வேயா, அப்ப டிரேட் தியரியை நல்லாப் படி’ என்று அதையே ஊட்டிக்கொண்டிருந்தேன். அசிஸ்டெண்ட் லோகோ பைலட் தேர்வைப் பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். முதல் கட்டத்தில் கணக்கு, ரீசனிங், பொது அறிவியல், நடப்புச் செய்தி. டிரேட் கேள்விகள் இரண்டாம் கட்டத்தின் பி பகுதியில் 75 கேள்வியாக வருகின்றன. அதில் 35 சதவீதம் எடுத்துத் தேறினால் போதும், மற்றபடி முன்னுக்கு வரக் கணக்கும் ரீசனிங்கும் நிறைய வேண்டும். அந்தப் பையன்களோ கணக்கு வகுப்பில்தான் கேன்டீனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்! ஆக, அவனுக்கு ஸ்டார்ட்டரில் நான் காட்ட வேண்டிய வாசல் மோட்டாரின் குதிரைத்திறனிலிருந்து முழு லோடு கரண்டைக் கணக்கிட்டு ரிலேயை எதில் வைப்பது என்பது. கணக்கு அவனுக்குக் கசப்பு மருந்து. ரிலேயின் திருகில் வைத்துக் கொடுத்தால் கொஞ்சம் இறங்கும்.

நாலு விதமாகவும் ஒரே நாளில் நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. நான் செய்வது, வகுப்பை ஒரு வாசலில் ஆரம்பித்து, செய்முறையில் நாலு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு வேலை கொடுப்பது. அடுத்த வாரம் குழுக்களை மாற்றிவிடுவேன். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

‘சும்மாதான் சார்’

எந்தக் காரணமும் இல்லாமல் வந்தவன் ஒருவன் எல்லா யூனிட்டிலும் இருப்பான். சில வருடம் முன்பு ஒரு பையன். எப்போது கேட்டாலும் ‘சும்மாதான் சார்’ என்பான். வீட்டில் திட்டு தாங்காமல் எங்கேயாவது போய்த் தொலைய வேண்டும், அப்படித்தான் வந்திருக்கிறான் என்று அவன் கூட்டாளி சொன்னான். எதிர்காலம், சம்பளம், குடும்பம் என்று நான் பேசிப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவான்.

ஒரு நாள் காலை எல்லாரும் வருவதற்கு முன் அவனுடைய போர்டில் இருந்த ஸ்டார்ட்டரைத் திறந்து, 14ஆம் நம்பரில் இருந்த ஒயரை லேசாகக் கழற்றி, பார்த்தால் தெரியாதபடி இன்சுலேஷனோடு உள்ளே செருகி வைத்தேன். வந்ததும் ‘இதுல ஒரு கோளாறு இருக்கு, கண்டுபிடி’ என்று மட்டும் சொன்னேன். பச்சையை அமுக்கினான், மோட்டார் ஓடியது. கையை எடுத்தான், நின்றது. மறுபடி அமுக்கினான், ஓடியது. எடுத்தான், நின்றது. ஐந்தாறு தடவை அப்படியே செய்தான், விளையாடுகிறான் என்றே நினைத்தேன். அப்புறம் மெயினை ஆஃப் பண்ணிவிட்டு என்னிடம் வந்து சொன்னான்: ‘சார், அமுக்கினா ஓடுது. அப்ப காயில் நல்லாருக்கு, ரிலேயும் நல்லாருக்கு, சிவப்பு பட்டனும் நல்லாருக்கு. பிடிச்சு வைக்கிற இடத்துலதான் ஏதோ இருக்கு.’

படம் வரைந்து நூறு தடவை சொல்லியும் பலருக்கு வராத யோசனை அது. மல்டிமீட்டரில் கன்டினியூட்டி வைத்துப் பத்து நிமிடத்தில் ஒயரைப் பிடித்துவிட்டான். மறுநாள் வந்ததும் வராததுமாக ‘இன்னைக்கு என்ன சார் கழட்டி வச்சிருக்கீங்க?’ என்று கேட்டான்.

அவன் வந்த காரணத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. அப்படி ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. இருப்பதற்கு ஒரு காரணம் மட்டும் உள்ளே வந்த பிறகு கிடைத்தது. சேர்ந்த காரணம் ஒன்று, தங்கும் காரணம் வேறு ஒன்றாக இருக்கலாம். இதைப் புரிந்துகொள்ளாமல் ‘இவனுக்கு நோக்கமே இல்லை’ என்று முதல் வாரத்திலேயே முத்திரை குத்திவிட்டால் அப்புறம் அவனுக்கு நாம் எதையும் கழற்றி வைக்க மாட்டோம்.

சர்டிபிகேட்டுக்கு வந்த அக்கா

இன்னொருவர், முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண். வகுப்பில் எல்லாருக்கும் ‘அக்கா’. கணவருக்கு மோட்டார் வைண்டிங் கடை. இவர் வீட்டில் உட்கார்ந்து பல வருடமாகக் காயில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் என்பது எனக்கு மூன்று மாதம் தெரியாது. கேட்டபோதெல்லாம் ‘வீட்டுக்குப் பக்கத்துல இருக்குங்க சார், அதான் சேர்ந்தேன்’ என்றார். நானும் அவருக்குக் கஷ்டமில்லாத வேலையாகப் பார்த்துக் கொடுத்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று சார்ட் எழுதச் சொன்னேன். அதை மரியாதை என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

வைண்டிங் பாடம் வந்தபோது, ஸ்லாட்டில் காயிலை இறக்கும் என் கையைப் பார்த்து, ‘சார், அப்படி அழுத்தினா எனாமல் உரிஞ்சிரும்’ என்றார் மெதுவாக. வகுப்பே திரும்பிப் பார்த்தது. வாங்கி அவரே இறக்கிக் காட்டினார். மூங்கில் சீவலை எந்தச் சாய்வில் பிடிப்பது என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. போல், பிட்ச் என்ற வார்த்தைகள்தான் தெரியாது. அவர் கைக்கு நான் பெயர் சொன்னேன். என் பெயர்களுக்கு அவர் கை காட்டினார். வைண்டிங் பாடம் அந்த வருடம் மாதிரி எனக்கு எப்போதும் அமைந்ததில்லை.

ஆனால் கதை இங்கே முடிந்தால் நான் பாதிதான் புரிந்துகொண்டேன் என்று அர்த்தம். எல்லாருக்கும் அவரையே காட்டச் சொல்லி, அவரைச் சம்பளமில்லாத உதவியாளர் ஆக்கிவிட்டேன். ஒரு நாள் அவரே கேட்டார்: ‘சார், எனக்கு சர்டிபிகேட் வேணும். பரீட்சை கம்ப்யூட்டர்லயாமே. எனக்கு மவுஸ் பிடிக்கவே தெரியாதே.’ அவர் வந்த காரணம் அதுதான். தியரித் தேர்வு கணினியில்தான் நடக்கிறது. இத்தனை வருடம் கைத்தொழில் செய்தவருக்கு இடையில் நின்றது மவுஸ். அதற்குப் பிறகு தினமும் மாலை அரை மணி நேரம் கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்கு ஒரு சிஸ்டம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். பதில் கட்டத்தை கிளிக் செய்வது, கேள்வியைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவது, அவ்வளவுதான் பயிற்சி. அவருக்கு வைண்டிங் சொல்லிக்கொடுக்க நான் தேவைப்படவே இல்லை, இந்த அரை மணி நேரம்தான் தேவைப்பட்டது.

எப்படிக் கேட்பது

முதல் நாள் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். என் அனுபவத்தில் இதைவிடப் பயனற்ற கேள்வி இல்லை. ‘ஏன்?’ என்ற சொல்லே விசாரணை மாதிரி இருக்கிறது. நான் இப்போது கேட்பவை வேறு. ‘இங்க சேரணும்னு யார் முடிவு பண்ணாங்க?’ ‘இந்த சீட் கிடைக்காம போயிருந்தா இப்ப எங்க இருந்திருப்பே?’ ‘கோர்ஸ் முடிஞ்ச மறுநாள் காலைல எந்திரிச்சு எங்க போவே?’ கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் நிறைய இருக்கிறது. ‘தூங்குவேன் சார்’ என்று சொன்னவனிடம் கூட, ‘சரி, அதுக்கு மறுநாள்?’ என்று கேட்கலாம்.

ஒரு பழைய நோட்டில் 20 பெயருக்கும் நேராகப் பென்சிலில் குறித்து வைக்கிறேன். பேனாவில் எழுதுவதில்லை. தொழிற்சாலையில் நேரடிப் பயிற்சிக்கு அனுப்பி வைத்துத் திரும்பி வந்ததும் மறுபடி கேட்டால் பாதிப் பேர் பதில் மாறியிருக்கும். கம்பெனிதான் என்று நின்றவன் ஷிஃப்ட்டைப் பார்த்துவிட்டுக் கடை வைக்கப் போகிறேன் என்பான். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்று அப்போதுதான் யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால் ஒருவனுக்குத் திடீரென்று டிப்ளமோ ஆசை வந்திருக்கும். இரப்பரும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நோட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போகாது. இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். டிபன் நேரத்தில் ஒரு பையன் என்னிடம் தனியாகச் சொன்னதை, வகுப்பில் ஒரு வேடிக்கை மாதிரி ‘இவன் வேற எங்கயும் சீட் கிடைக்காம வந்தவன்’ என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அப்புறம் இரண்டு மாதம் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. காரணத்தைக் கேட்டு வாங்குவது கடன் வாங்குவது மாதிரி.

காரணம் தெரிந்தபின், ‘இந்தப் பாடம் உனக்கு இப்படியெல்லாம் உதவும்’ என்று நாமே பிரசங்கம் செய்யத் தோன்றும். அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது. கிறிஸ் ஹல்லெமன், ஜூடித் ஹரக்கியவிச் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறிவியல் படிக்கும் பள்ளி மாணவர்களில் ஒரு பகுதியினரைப் பாடத்துக்கும் தங்கள் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பை எழுதச் சொன்னார்கள், மற்றவர்களைப் பாடத்தைச் சுருக்கி எழுதச் சொன்னார்கள். தொடர்பை எழுதியவர்களில், ‘எனக்கு இது வராது’ என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத்தான் ஆர்வமும் மதிப்பெண்ணும் கூடின. தன் கையால் எழுதியதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் அதை ரெக்கார்டு நோட்டின் கடைசியில் ஒரே வரியாக வைத்துக்கொண்டேன்: ‘இது எனக்கு எங்கே?’ மதிப்பெண் கிடையாது, இலக்கணம் பார்ப்பதில்லை. எர்த்திங் பாடத்துக்கு ஒருத்தி எழுதினாள்: ‘எங்க வீட்டு கிரைண்டர்ல கை வச்சா சுரீர்னு அடிக்கும். செருப்பு போட்டுட்டுதான் மாவாட்டுவோம். ஏன்னு இன்னைக்குத் தெரிஞ்சுது.’ தொடர் இணைப்புக்கு ஒருவன்: ‘கோயில் கொடைக்கு சீரியல் செட் போடுற அண்ணன் ஏன் ஒவ்வொரு பல்பா தடவிக்கிட்டு இருக்காருன்னு தெரிஞ்சுது.’ இரண்டு மணி நேரம் நான் விளக்கியிருந்தாலும் கிரைண்டரும் செருப்பும் எனக்குத் தோன்றியிருக்காது. அந்தப் பெண்ணிடம் அடுத்த வகுப்பிலேயே, வீட்டில் எர்த் ஒயர் எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்க, லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடச் சொன்னேன்.

காரணம் கூண்டாகிவிடக் கூடாது

குழுக்களை ஏன் மாற்றுகிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ‘நீ தோட்டத்துக்காரன், உனக்கு ஸ்டார்ட்டர் போதும்’, ‘நீ கடை வைக்கப் போறவன், உனக்கு டிராயிங் எதுக்கு?’ என்று பேச ஆரம்பித்தால் காரணமே கூண்டு ஆகிவிடும். பதினைந்து வயதில் ஒருவன் சொல்லும் காரணம் அவன் கண்ணுக்கு எட்டிய தூரம்தான். அவன் பார்த்த எலக்ட்ரீசியன்கள் அவன் தெருவில் இருப்பவர்கள் மட்டும். தொழிற்பழகுநராகச் சேர்ந்தால் உதவித்தொகையோடு பெரிய தொழிற்சாலையில் பழகலாம் என்பதை அவனுக்கு வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1961இலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆக, அவன் சொன்ன வாசல் வழியாக உள்ளே கூட்டிவந்து, மற்ற வாசல்களையும் திறந்து காட்டுவது என் வேலை. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதை இரண்டு மடங்கு கவனமாகச் செய்ய வேண்டும். ‘பக்கத்துல இருக்கு, அதான்’ என்று அவர்கள் சொல்வது பல நேரம் வீட்டில் சொல்லி அனுமதி வாங்கிய காரணம். சொந்தக் காரணம் அதற்கு அடியில் இருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. காரணத்துக்கு ஏற்பப் பாடம் நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டு, பிடிக்காததை விட்டுவிட முடியாது. மெக்கர் என்கிற மீட்டர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பது, வேலைக்கு முன் மெயினை ஆஃப் பண்ணிப் பூட்டுவது, ஷாக் அடித்தவருக்கு முதலுதவி செய்வது, இவற்றுக்கெல்லாம் எதற்காக வந்தாய் என்ற கேள்வியே கிடையாது. 750 ரூபாய்க்கு வந்தவனும் இதை முழுசாகக் கற்றுக்கொண்டுதான் போக வேண்டும். 750 ரூபாய்க்கு வந்தவன் என்று ஸ்டாஃப் ரூமில் பேசும்போது நம் குரல் ஒரு மாதிரி இளப்பமாக மாறும், கவனித்திருக்கிறேன். அந்தப் பணத்தில்தான் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வருகிறது என்று தெரிந்த பிறகு என்னால் அந்தக் குரலில் பேச முடியவில்லை. அந்தப் பையன் ஒரு நாள்கூட லீவு போடாததற்கும் அதுதான் காரணம்.

இந்த வருட நோட்டில் 19 பெயருக்கு நேராக ஏதோ ஒன்று எழுதியிருக்கிறேன். ஒரு பெயருக்கு நேராக மட்டும் இன்னும் காலி. பேச மாட்டான், கேட்டால் சிரிப்பான். ஆனால் போன வாரம் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டும்போது, அவன் மட்டும் ஸ்க்ரூடிரைவர்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவன் போர்டில் எதைக் கழற்றி வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.